நான் சொன்னதாகச் சொல்கிறார்கள்

என் குரல் தெரியாத ஆள் இந்த ஊரில் இல்லை. முகம்தான் யாருக்கும் தெரியாது. பேருந்து நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், என்னைத் தவிர எல்லாத் திசையிலும் காற்று வீசும் ஒரு மின்விசிறி, அப்புறம் நான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் தொடங்கினால் போதும், பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். மூன்றாம் நடைமேடை என்று சொன்னால் மூன்றாம் நடைமேடைக்குத்தான் போவார்கள். "அது ஏன் நாலாவதா இருக்கக் கூடாது?" என்று இதுவரை ஒருத்தர்கூட என்னிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அதே குரலோடுதான் வீட்டுக்கும் வருகிறேன். வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைப்பதில்லை. ஆனால் "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க" என்று வீட்டில் நான் சொன்னால், அது யார் காதுக்கும் போய்ச் சேராது. கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். துண்டும் அன்றிலிருந்து கட்டிலில்தான் கிடக்கிறது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். என் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கணினித் திரையைப் பார்த்து நாள் முழுக்க "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருப்பார். தான் பேசுவது எங்கேயோ உட்கார்ந்திருக்கும் யாருக்கோ கேட்கவேண்டுமே என்று அவருக்கு அவ்வளவு தவிப்பு. என் மாமியார் கூடத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே இருப்பார். அவருக்குக் காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் யார் யாரை என்ன திட்டினார்கள் என்பதெல்லாம் சுவரைத் தாண்டி அட்சரம் பிசகாமல் அவருக்கு வந்துவிடும். அப்புறம் என் மகள். கல்லூரியில் படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் கோப்பைகளாக வாங்கிக் குவிக்கிறவள். அவற்றைத் தூசி தட்டுகிறவள் நான்.

போன மாதம் ஒருநாள் கூண்டில் உட்கார்ந்து 'நடைமேடை' என்றேன். 'மேடை' மட்டும்தான் வெளியே வந்தது. அடுத்த அறிவிப்பில் அதுவும் வரவில்லை. நிலைய மேலாளர் நல்ல மனுஷர், கையோடு என்னைத் தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரம்மா ஒரு மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டுத் திரையில் பார்த்தார்.

"குரல் நாண்ல காய்ப்பு காய்ச்சிருக்கும்மா. ரொம்பப் பேசுவீங்களா?"

"வேலையே அதுதான் டாக்டர்."

"வீட்டுல?"

"வீட்டுலயும் பேசுவேன்." யாராவது கேட்பார்களா என்று அவர் விசாரிக்கவில்லை. நானும் அந்தக் கதைக்குள் போகவில்லை.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. குசுகுசுன்னு பேசலாமான்னு கேக்காதீங்க, அது இன்னும் மோசம். நடுவுல ஒரு தடவை கத்தினாலும் இருந்ததெல்லாம் வீணாப் போயிடும். அப்புறம் ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் இதே குரல் இருக்குமான்னு கேட்டா, நான் உறுதி சொல்ல மாட்டேன்."

மேலாளரிடம் வந்து விஷயத்தை எழுதிக் காட்டினேன். அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "ஒரு கம்பெனிக்காரன் அறிவிப்பு மெஷின் ஒண்ணைக் கொண்டுவந்து இறக்கியிருக்கான். சும்மா ஓட்டிப் பாருங்க சார்னு. நீங்க வர்ற வரைக்கும் அது பேசட்டும். தொண்டை சரியாச்சுன்னா பழையபடி நீங்க வந்து உக்காருங்க. சரியாகலைன்னா..." என்று நிறுத்தினார். அதுவரைக்கும் என்னைத் 'தவறவிட்ட பொருள்கள்' அறையில் உட்காரச் சொன்னார்.

அந்தக் கூண்டு போய்விட்டால் எனக்கு என்ன போகும் என்று மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. உலகத்தில் நான் சொன்னால் நடக்கிற ஒரே இடம் அதுதான். அதை ஒரு பெட்டியிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ரெண்டு வாரம் என்ன, ரெண்டு மாதமானாலும் வாயில் பூட்டுப் போட்டுக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குத் தகவல் சொல்லவேண்டுமே. எங்கள் நாலு பேருக்குமாகச் செல்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் எழுதினேன்: 'டாக்டர் இரண்டு வாரம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டிலும் பேச மாட்டேன்.' அனுப்பிய அடுத்த நிமிஷம் கணவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. மகளிடமிருந்து சிவப்பாக ஒரு இதயம். மாமியார், பனித்துளியோடு ஒரு ரோஜாப் பூவையும் 'இனிய மாலை வணக்கம்' என்பதையும் அனுப்பிவைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்த ஜனங்களைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த நிறைவு அன்று மாலை காபி வரைக்கும்தான் தாங்கியது. கணவர் முன்னறையிலிருந்து வெளியே வந்து, "இன்னிக்கு என்ன, பஸ் ஸ்டாண்டுல கூட்டமா?" என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இருக்கும், இருக்கும். லீவு விட்டாச்சு இல்ல? நானும் அதான் நினைச்சேன்" என்று கோப்பையோடு உள்ளே போய்விட்டார்.

சரி, வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று நானே அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மாமியார் தொலைபேசியில் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்றா. காலையில வாயைத் திறந்தா படுக்கப்போறவரைக்கும் மூடறதில்ல. ஏதோ என் பொறுமையில இந்த வீடு ஓடுது" என்றார். எனக்குப் பின்னால் வேறொரு மருமகள் யாராவது நிற்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினேனே. கட்டைவிரல் வந்ததே. அதற்குமேல் தெருவில் தண்டோராவா போட முடியும்? முதலில், தானாகக் கவனிப்பார்கள் என்று காத்திருந்தேன். அப்புறம் கோபம் வந்தது. கோபம் முற்றி வீம்பாகிவிட்டது. இவர்கள் எத்தனை நாள்தான் கண்டுபிடிக்காமல் இருக்கிறார்கள் பார்த்துவிடுவோம் என்று நானும் மல்லுக்கு நின்றேன். என் குடும்பத்தின் திறமையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

நான் பேசாததால் வீட்டில் பேச்சு குறைந்ததா என்றால், இல்லை. "உப்பு கம்மின்னு நீயே சொன்னியே" என்றார் கணவர். "ஒன்பது மணிக்குள்ள வந்துடுன்னு நீதானேம்மா சொன்ன, நான் ஒன்பதரைக்கே வந்துட்டேன் பாரு" என்றாள் மகள். எல்லோரும் என்னோடு கலகலப்பாகத்தான் பேசினார்கள். அவர்களே கேட்டார்கள், என் சார்பில் அவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள், சில சமயம் அந்தப் பதில் பிடிக்காமல் என்னோடு சண்டையும் போட்டார்கள். அவர்கள் தலைக்குள் என்னைப்போலவே ஒருத்தியைக் குடிவைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையலுக்கும் துணி துவைக்கவும் நான். பேசுவதற்கு அவள்.

இதில் மகள் செய்ததுதான் எனக்கு ரொம்ப வலித்தது. கல்லூரியில் பேச்சுப் போட்டி, தலைப்பு 'பெண்ணின் குரல்'. அடுப்படியில் என் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். "காலங்காலமாக அவள் குரல் நசுக்கப்பட்டது! அவள் பேசினாள், கேட்கத்தான் ஆளில்லை!" என்று அவள் கையை வீசியதில் தட்டு அலமாரியிலிருந்து ஒரு மூடி விழுந்து கடகடவென்று உருண்டது. நான் அதை எடுத்து வைத்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

ரொம்ப நீளம் என்று புருவத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"கரெக்ட்மா. நீ சொல்றது சரிதான். அந்த இடத்துல கொஞ்சம் இழுக்குது."

அவளாவது என் புருவத்தைப் படித்தாளே என்று ஆறுதல்படலாம்தான். போட்டியில் ஜெயித்துக் கோப்பையோடு வந்தவள், "எல்லாம் நீ சொல்லிக்கொடுத்த பாயிண்ட்தாம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகைச் சத்தமும் தொண்டைக்குக் கெடுதலா என்று டாக்டரிடம் கேட்டுவைக்காதது நினைவுக்கு வந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பேருந்து நிலையத்தில் இந்தத் தொல்லையே இல்லை. தவறவிட்ட பொருள்கள் அறைக்குக் குடையைத் தேடியும் பல்செட்டைத் தேடியும் வருகிறவர்கள், நான் வாயில் விரலை வைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டு அவர்களும் சைகையில் இறங்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள். பல்செட் தேடி வந்த பெரியவருக்கு வாயைத் திறந்து காட்டினாலே விளங்கிவிட்டது. ஓட்டுநர்கள் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பதற்குப் பதில் கையை ஆட்டினார்கள்.

மெஷின்தான் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. தேன் ஒழுகும் ஒரு பெண் குரல். கால அட்டவணையில் உள்ள நேரம் வந்துவிட்டால் பேருந்தும் வந்துவிட்டதாக அறிவித்துவிடும். வண்டி நடுவழியில் டயர் வெடித்து நின்றிருக்கும். இங்கே அது "இரண்டாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று கொஞ்சும். ஜனங்கள் மூட்டையோடு ஓடிப்போய் வெறும் நடைமேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கூண்டின் கண்ணாடியைத் தட்டுவார்கள். மேலாளர் பாவம், ஆளாளுக்குப் பதில் சொல்லி அவர் தொண்டையும் கட்ட ஆரம்பித்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்பதை மறைப்பானேன்.

இப்படி இருக்கும்போது ஒரு காலை, கணவர் பல் தேய்த்துக்கொண்டே குளியலறைக் கதவைத் திறந்து வைத்துப் பேசினார். நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சிக்குப் பிரசவ லீவு முடியுதாம். குழந்தையை யார்கிட்டயாவது விட்டாகணும். வெளியாள்கிட்ட விட முடியுமா, சொல்லு? உன் வேலையில என்ன இருக்கு, நாள் பூரா மைக்கைப் பிடிச்சுக் கத்தறது. விட்டுட்டு வீட்டுல இருந்தீன்னா எல்லாருக்கும் சௌகரியம். என்ன சொல்ற?"

வாயில் இருந்த நுரையைத் துப்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் என் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு, "அதான், நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார்.

நான் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். அவர் ஆடுகிற கைகளைப் பார்த்தார். அதில் ஈரத் துண்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

விடுவேனா? செல்பேசியை எடுத்து அவருக்குத் தனியாக எழுதி அனுப்பினேன்: 'நான் வேலையை விட மாட்டேன்.' முன்னறைக்குள் டிங் என்று சத்தம் கேட்டது. உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது என்று நம்பினேன். அனுபவப்பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் காலை டாக்டரிடம் போகவேண்டும் என்ற நிலையில், அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குழந்தையோடு வந்து இறங்கினாள். மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், லீவு முடிந்து திரும்பிப் போகப்போகிறாள். கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டேன். அது என் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் காபித் தட்டோடு வரும்போது கணவர் அறிவித்துக்கொண்டிருந்தார்.

"நீ கவலையேபடாதே. உங்க அண்ணி வேலையை விட்டுடறதாச் சொல்லிட்டா. நாளைக்குக் காலையில முதல் வேலையா அவங்க மேனேஜருக்கு நானே போன் போட்டுச் சொல்லிடறேன். அவளுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"



"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மாமியார். "'குழந்தையைப் பாத்துக்கறது என் பாக்கியம் அத்தை'ன்னு என்கிட்ட வந்து சொன்னாளே."

பாக்கியம் என்ற சொல்லை நான் பிறந்ததிலிருந்து பயன்படுத்தியதில்லை. தட்டை மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டுத் தலையைப் பலமாக ஆட்டினேன். "பாரு, எவ்வளவு சந்தோஷம்" என்றார் கணவர்.

நாத்தனார் எழுந்து என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நிஜமாவா? அந்த வேலைன்னா உங்களுக்கு உசிராச்சே. எனக்கு ஆள் வேணும்தான், இல்லேங்கல. ஆனா உங்க வாயால சொல்லுங்க. அப்பதான் நம்புவேன்."

கூடம் அமைதியானது. தொலைக்காட்சியில் விளம்பரம் முடிந்து அடுத்தது வருவதற்கு முன் ஒரு இடைவெளி, அதுவும் சேர்ந்துகொண்டது. நாலு ஜோடிக் கண்கள் என் வாயைப் பார்த்தன. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் நான் பேசுவதற்காக எல்லோரும் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. பாழாய்ப்போன வேளை பார்த்துக் காத்திருந்தார்கள்.

எழுதிக் காட்டினால் இன்னொரு கட்டைவிரல்தான் வரும். வாயைத் திறந்தேன். 'மாட்டேன்' என்று ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதை மெதுவாகச் சொல்ல என்னால் முடியாது. இவ்வளவு நாள் அடக்கிவைத்தது அத்தனையும் சேர்ந்து கத்தலாகத்தான் வரும். கத்தினால் நாளைக் காலை டாக்டரின் திரையில் தெரிந்துவிடும், கூண்டு மெஷினுக்குப் போய்விடும். கத்தாவிட்டால் நாளைக் காலை இவர் போன் போட்டே அதைக் கொடுத்துவிடுவார். திறந்த வாயை மூடவும் முடியாமல் பேசவும் முடியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

நாத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அண்ணி ஏன் பேசவே மாட்டேங்கறாங்க?"

"யாரு பேசல? காலையிலேர்ந்து பேசிக்கிட்டுதானே இருக்கா."

"என்ன பேசினாங்க?"

"என்ன பேசினான்னா... எப்பவும் பேசறதுதான்."

"நான் வந்து எவ்வளவு நேரமாச்சு. கதவைத் திறந்தாங்க, குழந்தையை வாங்கினாங்க, சிரிச்சாங்க. 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் பேச்சு வராத ஒண்ணோட இத்தனை மாசமா குடித்தனம் பண்றேன்ணா. வாயைப் பாக்காம முகத்தைப் பாக்கறதே பழக்கமாயிடுச்சு. தொண்டையில ஏதாவதா அண்ணி?"

நான் தலையாட்டினேன். இந்தத் தடவை அது ஆமாம் என்று அவளுக்குப் புரிந்தது.

"தொண்டைக்கு என்ன?" என்றார் கணவர். "நேத்து ராத்திரிகூட நல்லா பேசினாளே."

"என்னன்னு?"

"அது... 'உங்க இஷ்டம்'னு."

"என்னை எதிர்த்துப் பேசினா" என்றார் மாமியார். "நேத்து சாயங்காலம். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"என் ஸ்பீச்சுக்குப் பாயிண்ட் கூட..." என்று ஆரம்பித்த மகள் நிறுத்திவிட்டாள். அவள் முகம் வெளுத்தது. செல்பேசியை எடுத்து, பாட்டி அனுப்பிய பூக்களையெல்லாம் தள்ளித் தள்ளிக்கொண்டு மேலே போனாள். போய்க்கொண்டே இருந்தாள். பூக்கள் ஒரு தோட்டத்துக்கு இருந்தன.

"அப்பா" என்றாள். என் செய்தியை வாசித்தாள். போட்டிகளில் கணீரென்று ஒலிக்கும் குரல் கம்மிப்போயிருந்தது. "இதுக்கு நீங்க கட்டைவிரல் போட்டிருக்கீங்க."

"நீ என்ன போட்டிருக்க?"

"இதயம்."

மாமியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவரே ரிமோட்டைக் கையில் எடுத்து அதிலுள்ள எண்களைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் கணவரின் சட்டைப் பையைக் காட்டினேன். அவர் தன் செல்பேசியை எடுத்துக் கொஞ்சம் தேடினார். 'நான் வேலையை விட மாட்டேன்' என்பதில் வந்து நின்றார். அவர் காது மடல் சிவந்தது.

"இதுக்கும் போட்டிருக்கேன்" என்றார், மெதுவாக.

என் கணவர் என்ன, லேசில் தோற்கிற ஆளா? "சரி, அது எழுதினது. நேர்ல வேணாம்னு சொல்லலையே?"

"நேர்ல எப்படிண்ணா சொல்லுவாங்க?" என்று நாத்தனார் கத்தினாள். அவள் என் சார்பில் கத்தியது எனக்கே கத்தியதுபோல் சுகமாக இருந்தது. "அதை விடு. நீ நாள் பூரா வீட்டுலதானே இருக்க? நீ பாத்துக்கோயேன் குழந்தையை."

இந்த யோசனை அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே தோன்றவில்லை. கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு அண்ணன் யாரையாவது சொல்கிறாளோ என்பதுபோல.

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா."

"மீட்டிங்ல நீ பேசறது யாருக்கும் கேக்கலைன்னுதானே கத்திக்கிட்டிருக்க? இவனுக்கு நல்லாக் கேக்கும்." குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அது அவர் கழுத்தில் தொங்கிய காதுக்கருவியைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. "ஆம்பளை எப்படிடி..." என்று மாமியார் ஆரம்பித்தார். நாத்தனார் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அங்கேயே நின்றுபோனது.

"இப்ப எதுவும் முடிவு பண்ண வேணாம்" என்றார் கணவர், கருவியை மீட்கப் போராடிக்கொண்டே. "நாளைக்கு அவ டாக்டரைப் பாத்துட்டு வரட்டும். அவ வாயால கேட்டுட்டு அப்புறம் மேனேஜருக்கு போன் பண்ணிக்கலாம்."

தலைமேல் தொங்கிய கத்தி ஒருநாள் தள்ளித் தொங்கியது, அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டரம்மா குழாயை விட்டுத் திரையை வெகு நேரம் பார்த்தார். "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். துருப்பிடித்த கதவு மாதிரி தொடங்கி, முடியும்போது என் குரலாக இருந்தது.

"காய்ப்பு நல்லா அமுங்கிடுச்சு. மெதுவாப் பேச ஆரம்பிங்க. ரெண்டு வாரம் இப்படி இருக்கறது லேசில்லம்மா. வீட்டுல நல்லா ஒத்துழைச்சிருக்காங்க போல?"

"ரொம்ப" என்றேன். நான் பேசிய முதல் சொல் அது.

பேருந்து நிலையத்தில் மேலாளர் என் குரலைக் கேட்டதும் பாதி எழுந்துவிட்டார். மெஷினைப் பழைய அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டச் சொன்னார். "அது அட்டவணையைப் பாத்துப் பேசுதும்மா. பஸ்ஸைப் பாத்துப் பேச மாட்டேங்குது" என்றார். "எங்க வீட்டுலேர்ந்து போன் எதுவும்..." என்று கேட்கப்போனேன். வரவில்லை என்றார். கூண்டுக்குள் போனேன். மேசையைத் துடைத்தேன், மின்விசிறியை என் பக்கம் திருப்பினேன், அது திரும்பிக்கொண்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றேன். வண்டி அரை மணி தாமதம் என்பதைத்தான் அறிவித்தேன். நல்ல செய்தியே இல்லை. ஆனாலும் நிமிர்ந்து பார்த்த முகங்களில் ஒரு நிம்மதி தெரிந்தது. வெளியே ஒரு ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. மாமியார் காலை மடக்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டார். மகள் செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் என்ன பேசுவதென்று கோப்பைக்காரிக்குத் தெரியவில்லை. அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கணவர் பின்னாலேயே வந்தார். முன்னறைக் கதவு திறந்தே கிடந்தது. காதில் ஒன்றும் இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பேசலாம்னு சொன்னாங்க."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு, வார்த்தைகளைத் தேடித் தேடிக் கேட்டார். "தங்கச்சி ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. நான் ஒண்ணும் பதில் சொல்லல. அந்த வேலை விஷயம்... விடறியா? நீயே சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

காத்திருந்தார். நுரை துப்புகிற நேரத்தைவிட நிறையவே காத்திருந்தார். என் கோபம் கொஞ்சம் தணிந்தது. கத்தவேண்டும் என்று சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கூண்டில் பேசுவதுபோல நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"மாட்டேன். வேலையை விட மாட்டேன்."

அவர் நகரவில்லை. தன் காதையே நம்பாதவர்போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது... இப்ப நிஜமாவே நீ சொன்னதுதானே? நானா நினைச்சுக்கலையே?"

"நீங்களா நினைச்சிருந்தா, 'சரி'ன்னுல்ல சொல்லியிருப்பேன்?"